எட்டாவது பிழை

போனை எடுத்ததும் "வணக்கம்" சொல்வதை விட்டுவிட்டு, "இது வீடு" என்று சொல்ல ஆரம்பித்து அவருக்கு மூன்று நாளாகிவிட்டது.

"இது வீடு."

"நானும் வீட்டுலேருந்துதான் பேசறேன் சார். இன்டர்நெட் வர மாட்டேங்குது."

"இங்கேயும் வரல. இங்க கம்ப்யூட்டரே கிடையாது. ராங் நம்பர்."

"நோட்டீஸ்ல இந்த நம்பர்தானே சார் போட்டிருக்கு?"

அவர் போனை வைத்தார். கையை எடுப்பதற்குள் மறுபடியும் அடித்தது.

முப்பத்தெட்டு வருடம் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தவர் அவர். எந்தப் பக்கமும் அவர் கண்ணில் படாமல் அச்சுக்குப் போனதில்லை. பட்ட பக்கம் அம்மை போட்டது மாதிரி சிவப்புப் புள்ளிகளோடுதான் திரும்பி வரும். அதனால் அலுவலகத்தில் அவருக்குச் சிவப்புமை என்று பெயர். ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியும் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புப் பேனா இறங்கவில்லை. பத்திரிகை இல்லாத குறைக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் திருத்தினார். மனைவி மளிகைச் சீட்டில் 'வென்தயம்' என்று எழுதினால், கடைக்குப் போகும் முன் அது 'வெந்தயம்' ஆகிவிடும். அவள் "முயற்சிக்கிறேன்" என்றால் "முயல்கிறேன்" என்பார். அவள் தன் அக்காவிடம் போனில் பேசும்போதுகூடப் பின்னாலிருந்து ஒரு ஒருமை பன்மையைச் சரி செய்து கொடுப்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்த நோட்டீஸ் வந்து சேர்ந்தது.

ஊருக்குள் அப்போதுதான் இன்டர்நெட் நுழைந்திருந்தது. போன் இருக்கும் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்தால், போன் கம்பி வழியாகவே உலகம் உள்ளே வரும் என்றார்கள். இணைப்புக் கொடுக்க ஒரு சின்னக் கம்பெனி முளைத்து, செய்தித்தாளுக்குள் செருகி வீட்டுக்கு வீடு நோட்டீஸ் விட்டது. அதில் 'இணையம்' என்ற சொல்லே 'இனையம்' என்று இருந்தது. சிவப்புமை பார்த்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். அதற்குக் கீழே, "எந்தச் சந்தேகமானாலும் தயங்காமல் அழையுங்கள்" என்று தடித்த எழுத்தில் போட்டு, அவர் வீட்டு நம்பர். முகவரி என்று ஒன்று மருந்துக்கும் இல்லை.

"பார்த்தியா? எவனோ அரைத்தூக்கத்துல ப்ரூஃப் பார்த்திருக்கான்" என்றார் மனைவியிடம். "ஒரு எண்ணை இடம் மாத்திப் போட்டுட்டான். அவனோட அரைத்தூக்கம், என் தலையில விடியுது."

"யாரோ பாவம், தெரியாம கேக்கறாங்க. தெரிஞ்சதைச் சொல்லிட்டு வாங்களேன்" என்று அவள் உள்ளே போய் ரேடியோவைத் திருகினாள்.

பிழை எங்கே விழுந்தது என்று கண்டுபிடித்தால் சரியான நம்பர் கிடைத்துவிடும். அதுதானே அவர் தொழில். கடைசி இரண்டு எண்களை மாற்றிப் போட்டு அழைத்தார். ஒரு பல் மருத்துவமனையில் எடுத்தார்கள்.

"நீங்க இன்டர்நெட் கம்பெனியா?" என்று கேட்டார் சிவப்புமை.

எடுத்த பெண் அவர் கேள்வியின் கடைசி எழுத்தைக் கவனிக்கவில்லை. "இன்டர்நெட் கம்பெனியா? நீங்களே கூப்பிட்டீங்களே, நல்லதாப் போச்சு. டாக்டர் காலையிலேருந்து கத்திக்கிட்டு இருக்கார், இங்க லைனே வரல. உங்க நம்பரைச் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

"நான் கம்பெனி இல்லம்மா."

"பரவாயில்ல சார், சொல்லுங்க."

அன்றிலிருந்து பல் மருத்துவரும் சேர்ந்துகொண்டார்.

நான்காம் நாள் காலையில் வந்த அழைப்பு அவரை உட்கார விடாமல் அடித்தது. ஒரு கனத்த குரல், நேற்றிலிருந்து இன்டர்நெட் நின்று நின்று வருகிறது என்று கால் மணி நேரம் புலம்பியது.

"கடைசியா எப்போ அறுந்துச்சு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"இப்பதான் சார். உங்களுக்குப் போன் பண்ண எடுத்தேன், அறுந்துடுச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் உங்களுக்குத்தான் போன் பண்ண எடுத்தேன். நீங்க ராங் நம்பர்னு வெச்சுட்டீங்க."

சிவப்புமைக்குத் தலை கிறுகிறுத்தது. "யோவ், எல்லாத்தையும் அணைச்சுப் போட்டுட்டு, போனைத் தொடாம, போய் வேற வேலையைப் பாருய்யா" என்று எரிந்து விழுந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அதே குரல் பணிவாக வந்தது. "சார், நீங்க சொன்ன மாதிரியே அணைச்சேன், போனைத் தொடல, குளிச்சுட்டு வந்து போட்டேன். ஜம்முனு வருது. உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்களை நான் பார்த்ததில்ல. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டான் என்பது மதியம் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் ஆறு முறை எழுந்தார்.

ஏழாவது முறை எழுந்தபோது ரிசீவரை எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகினார். வீடு அமைதியானது. அந்த அமைதி மறுநாள் காலை வரைக்கும்தான் நின்றது. தொலைபேசி இலாகா லைன்மேன் ஏணியோடு வாசலில் வந்து நின்றார்.

"உங்க போன் செத்துப் போச்சுன்னு பதினோரு பேர் புகார் கொடுத்திருக்காங்க சார்."

"அது சாகல. நான்தான் எடுத்து வெச்சேன்."

லைன்மேன் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். "அவசர சேவை கொடுக்கிறவங்க இப்படிச் செய்யலாமா சார்? எங்க வீட்டுக்காரிக்கே நேத்து ஒரு சந்தேகம், உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சு போயிட்டா" என்று ரிசீவரைத் துடைத்து ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் மணி அடித்தது.

வேறு வழியில்லாமல் சிவப்புமை ஒரு நோட்டை எடுத்தார். ஒருத்தன் கேட்டது என்ன, அதற்கு அடுத்தவன் தன்னை அறியாமல் சொன்ன விடை என்ன என்று அகர வரிசையில் எழுதினார். காலையில் ஒரு பெண்மணி மோடம் ஏன் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது என்று கேட்டார். பிற்பகலில் ஒரு கல்லூரிக்காரன், கத்தினால்தான் அது வேலை செய்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னான். சாயங்காலம் மூன்றாவது ஆளுக்குச் சிவப்புமை, "கத்தட்டும், கத்தி முடிக்கட்டும், நடுவுல தொடாதீங்க" என்று அதிகாரமாகச் சொன்னார். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காமலே நோட்டு பாதி நிறைந்தது. எரிச்சல் மட்டும் குறையவில்லை. இலவசமாகக் கேட்பவர்கள் தப்பும் தவறுமாகக் கேட்டார்கள்.

ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிட்டாள். தனக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது, அதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஏழு நாளில் குடும்பத்துக்குக் கெடுதல் வருமாம். அவளுக்கு மெயில் வைத்திருக்கும் ஆட்கள் ஒன்பது பேரைத்தான் தெரியும்.

"அதைப் படி, கேட்போம்" என்றார்.

அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"நாலு வரியில அஞ்சு தப்பு. இவ்வளவு பிழையோட வர்ற சாபம் பலிக்காது. அழிச்சுடு" என்று வைத்துவிட்டார். பிறகு அவளுடைய ஒன்பது பேரும் ஆளுக்கொரு சாபத்தோடு அழைத்தார்கள். எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிப் பிழை எண்ணிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதற்கடுத்த நாள் ஒரு அம்மாள் மூச்சு வாங்கக் கூப்பிட்டார். மகன் வெளியூரில் பள்ளிக்கூட வாத்தியார். அவனிடமிருந்து மெயில். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பியிருக்கிறான்.

"பள்ளி விழுந்துடுச்சாம் சார். லீவு போட்டுட்டானாம். அவனுக்குப் போன் கிடைக்கல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

சிவப்புமை முதுகை நிமிர்த்தினார். "அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கார்? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

"'காலையில் என் மேல்'னு இருக்கு."

"பள்ளிக்கூடம் மேல விழுந்தவர் உக்காந்து மெயில் அடிப்பாராம்மா? அது பல்லி. இங்கிலீஷ்ல அடிச்சா ரெண்டும் ஒண்ணுதான். பல்லி விழுந்ததுக்கு லீவு போட்டிருக்கார் உங்க பிள்ளை."

மறுமுனையில் அந்த அம்மாள் பெரிதாக மூச்சு விட்டார். "சின்ன வயசுலேருந்தே அவனுக்குப் பல்லின்னா பயம்" என்று சொல்லி, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தத்தோடு போனை வைத்தார்.

சிவப்புமையும் ரிசீவரை மெதுவாக வைத்தார். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு எழுத்தைத் திருத்தியதற்கு யாரும் இப்படி மூச்சு விட்டதில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "லகரம் தெரியாம ஒரு பள்ளிக்கூடமே இடிஞ்சு விழ இருந்துச்சு" என்றார்.

"அப்படியா" என்றாள் மனைவி. ஒரு தட்டில் பழம் நறுக்கி வைத்து, கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பத்து நாளில் இது மூன்றாவது புத்தகம்.

"உனக்குக் கோபமே வரலையா? வீடா இது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?"

"எனக்கென்ன, போன் உங்களுக்குத்தானே வருது. அதோ, அடிக்குது பாருங்க."

எடுத்தார். பல் மருத்துவர். இந்த முறை அவருக்கு இன்டர்நெட்டில் சந்தேகமில்லை. அரட்டை அறையில் யாரோ தன்னைத் திட்டிவிட்டார்களாம், பதிலுக்கு மரியாதையாகத் திட்ட நாலு வார்த்தை வேண்டுமாம்.

அதோடு சிவப்புமைக்குப் பொறுமை போயிற்று. லைன்மேனைத் தேடிப் பிடித்துக் கம்பெனி முகவரியை வாங்கினார். நோட்டீஸை மேஜையில் விரித்து, வரி வரியாகச் சிவப்பில் திருத்தி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

கம்பெனி ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், தரையெல்லாம் ஒயர், ஓரமாக ஒரு போன். அந்தப் போன் அடிக்கவே இல்லை என்பதைப் பார்த்ததும் அவருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. இப்படி ஒரு நிம்மதியை அவர் வீட்டில் பார்த்துப் பத்து நாளாகிறது.

மேனேஜர் ஒரு இளம்பெண். அவர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதுமே எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், நீங்கதானா? குரலை வெச்சே கண்டுபிடிச்சேன். எங்களுக்கே லைன் கட்டானா உங்களைத்தான் கூப்பிடுறோம். உக்காருங்க சார். போன் எடுக்க ஆள் வேணும்னு வாசல்ல போர்டு மாட்டி வெச்சிருந்தோம், இன்டர்நெட்டுன்னதும் பயந்துக்கிட்டு ஒருத்தரும் வரல. அப்புறம்தான்..."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று கையைக் காட்டி நிறுத்தினார். நோட்டீஸை விரித்தார். "இதைப் பாரும்மா. இருபது வரி நோட்டீஸ், எட்டுப் பிழை. 'இணையம்' தப்பு. 'அழையுங்கள்' முடியற இடத்துல முற்றுப்புள்ளியே இல்ல. 'கட்டனம்'னு ஒரு சொல் தமிழ்லயே கிடையாது."

அவள் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். ஏழு வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். முகம் சுருங்கிப் போயிருந்தது. "மன்னிச்சுக்குங்க சார். ஏழையும் அடுத்த நோட்டீஸ்ல மாத்திடறோம்."

"எட்டாவதுதான் முக்கியம்." அவர் கடைசி வரியை விரலால் தட்டினார். சிவப்பு வட்டத்துக்குள் அவர் வீட்டு நம்பர் இருந்தது. "என் பத்து நாள் தூக்கம், சாப்பாடு எல்லாம் இந்த ஒரு வரியில போச்சு. முப்பத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு பிழையை நான் பார்த்ததில்ல. இதை ப்ரூஃப் பார்த்தது எவன்? அவனைக் கூப்பிடு."

மேனேஜர் பெண் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுந்து போய், இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ப்ரூஃப் தாளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எட்டாவது பிழை இல்ல சார். உங்க வீட்டம்மாவே நேர்ல வந்து, அந்த நம்பரை மட்டும் ரெண்டு தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போனாங்க."