சடையாண்டி வாங்கிய பெரிய மெஷின்

ஒரு காட்டில், நின்றால் வழுக்கும், உட்கார்ந்தால் உருண்டுவிடுவோம் என்கிற மாதிரி ஒரு சரிவு. அதில் மிளகு போட்டிருந்தது சடையாண்டி என்கிற கரடி. அதற்குக் குருவம்மா என்று ஒரு பெண்டாட்டி, பதினெட்டு எச்.பி.யில் ஒரு குட்டி டிராக்டர். இரண்டும் முனகினால் நிறுத்திக் கேட்கிற வழக்கம் சடையாண்டிக்குக் கிடையாது.

அந்த வருஷம் நிழல் மரங்களைக் கழித்துவிட்டதில் தோட்டம் முழுக்கக் கிளைகள் குவியல் குவியலாகக் காய்ந்து கிடந்தன. வன அதிகாரி யானை நோட்டீஸ் விட்டது: “வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்வையிட வருவேன். தீப்பிடிக்கிற மாதிரி காய்ந்த கிளை யார் இடத்தில் கிடக்கிறதோ, அவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.”

சடையாண்டி நோட்டீஸை நாலு தரம் படித்துப் பார்த்தது. பின்னே? பிறந்து வளர்ந்த குகை அந்தச் சரிவில்தானே இருக்கிறது.

சரிவுக்கு நேர் கீழே, அடிவாரத்தில், உச்சிக்காளை என்கிற வரையாடு குடியிருந்தது. அதனிடமும் அதே குட்டி டிராக்டர்தான். அது சின்னதாக ஒரு கிளை அரைக்கும் மெஷினை வாங்கி, சமதரையில் நிறுத்தி, தன் கிளைகளையெல்லாம் தூளாக்கி முடித்திருந்தது. முற்றத்தில் ஒரு குச்சி கிடையாது.

“அண்ணே, நம்ம வண்டிக்குச் சின்னது போதும். பெருசை மாட்டினா, பின்னாடி கனம் தாங்காம மேட்டுல முன்சக்கரம் தூக்கிரும். கிளையைக் கீழ இறக்கிட்டு வாங்க, என் மெஷின்லயே சும்மா அரைச்சுத் தரேன்” என்றது உச்சிக்காளை, சடையாண்டியிடம்.

சடையாண்டி தலையை ஆட்டிவிட்டு நேரே நரியின் கடைக்குப் போனது. சும்மா கிடைக்கிற யோசனையை எந்தக் கரடி மதித்திருக்கிறது, சொல்லுங்கள்!

நரி தன் கடை வாசல் மைதானத்தில் பெரிய மெஷினை ஓட்டிக் காட்டியது. தொடை தண்டி மரத்தை அது கரும்பு மாதிரி தின்றது.

“மேட்டுல ஏறுமா?” என்றது சடையாண்டி.

“அண்ணாச்சி, உங்க உடம்புக்கு அந்தச் சின்ன மெஷின் பக்கத்துல நின்னா பார்க்கிறவன் என்ன நினைப்பான்?”

தான் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று சடையாண்டிக்குத் தோன்றவே இல்லை. உடனே பணத்தைக் கட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் மெஷின் வந்து டிராக்டரின் பின்னால் மாட்டியாயிற்று.

“ஏங்க, இங்கயே நிறுத்தி அரைக்க ஆரம்பிங்க. மத்தியானம் யானை வந்துரும்” என்றது குருவம்மா.

“பூஜை போடாம புது மெஷின்ல கை வைக்கிறதா? என்ன பேசுற நீ!”

அந்தக் காட்டில் எது வாங்கினாலும் சரிவின் உச்சியில் இருக்கிற வனக்காளி கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டுத்தான் ஓட்டுவார்கள். மாலை, சந்தனம், நான்கு எலுமிச்சம்பழம் சகிதம் சடையாண்டி கிளம்பியது. குருவம்மா தேங்காய்த் தட்டோடு பின்னால் நடந்தது.

கோயிலுக்குப் பத்தடிதான் இருந்தது. முன்சக்கரம் இரண்டும் மெல்ல எழுந்து வானத்தைப் பார்த்தன.

“ஐயோ! குதிங்க!”

சடையாண்டி குதித்தது. மாட்டியிருந்த கொக்கி தெறித்தது. டிராக்டர் தொப்பென்று நாலு காலில் நின்றுவிட்டது. மெஷின் மட்டும் மாலையும் சந்தனமுமாகக் கீழே உருண்டது. மேல் குவியலை இடித்தது, அது அடுத்ததைத் தள்ளியது, அது அதற்கடுத்ததை. தோட்டத்துக் கிளை மொத்தமும் மடமடவென்று இறங்கிப் போனது.

“போச்சு குருவம்மா! மெஷினும் போச்சு, குகையும் போச்சு!” சடையாண்டி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது.

“அழுகையை நிறுத்திட்டுத் தோட்டத்தைப் பாருங்க.”

பார்த்தது. பெருக்கி விட்டதுபோல் இருந்தது சரிவு. கிளைகளெல்லாம் உச்சிக்காளையின் முற்றத்தில் மலையாகக் குவிந்து கிடந்தன. வரையாடு எப்படியோ ஒரு பாறைமேல் தாவித் தப்பித்திருந்தது. அதன் சின்ன மெஷின் இருந்த இடம் தெரியவில்லை.

சொன்னபடி யானை வந்தது. “அடடா, இதுவல்லவா வேலை! எந்த மெஷின்?”

“பெருசுங்கய்யா” என்றது சடையாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. யானை அங்கேயே பாராட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியது.

“ஐயா, இதெல்லாம் மேல இருந்து வந்த கிளைங்க!” என்று உச்சிக்காளை கதறியது.

“கிளை எங்கேயிருந்து வந்துதுன்னு நோட்டீஸ்ல இல்ல. எங்க கிடக்குதுன்னுதான் இருக்கு. காலி பண்ணு.”

சாயங்காலம் உச்சிக்காளை மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரடியின் குகை வழியாகப் போனது. பத்திரத்தை மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்த சடையாண்டிக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் அதன் தோளில் கை வைத்தது.

“தம்பி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அடுத்த தடவையாவது பெரிய மெஷினா வாங்கு.”

நீதி: செங்குத்தான நிலத்துக்கு எந்த மெஷின் தோது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே, சரிவில் மேலே குடியிரு, எல்லா மெஷினும் தோதுதான்.