கலைவாணனின் மட்டிச் சாறு

செங்கல்பட்டு

அன்பு மகள் ஷாரோனுக்கு அப்பா தாவீது எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் எனக்கும் உன் அம்மா சாராளுக்கும் சுகம். உன் சுகமும், நீ ஆராய்ச்சிக்கு வளர்க்கிற எலிகளின் சுகமும் அறிய ஆவல். போனில் பேசினால் மாடியில் குடியிருக்கும் உன் தாய்மாமன் கலைவாணன் ஒட்டுக் கேட்கிறான். அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தவள் சும்மா இருந்தாயா? எலிக்கு முதலில் மட்டி என்கிற கடல் சிப்பியின் சாற்றைக் கொடுத்துவிட்டு, பிறகு ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிற மருந்தைக் கொடுத்தால் பாதிப்பு குறைகிறது என்று சொன்னாய். நாங்கள் ஒன்றும் புரியாமல் பெருமையாகத் தலையாட்டினோம். கலைவாணனுக்கு மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது. ஈரல் வீங்கியிருக்கிறது, இனி குடித்தால் பிழைக்கமாட்டாய் என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தாரே, அப்படிப்பட்டவன் முகம் மலர்ந்து, "மாமா, எலிக்கு இன்னா ரூலோ அதான் எனக்கும். மொதல்ல சாறு, அப்பால சரக்கு!" என்றான்.

அன்று பிடித்தது சனி. லீவு நாளில் மாமல்லபுரம் போய் ஒரு சாக்கு மட்டி வாங்கி பஸ்ஸில் ஏற்றியிருக்கிறான். திருக்கழுக்குன்றத்தில் கண்டக்டர், "யோவ், எறங்குயா! வண்டியே நாறிக்கினு கீது" என்று இறக்கிவிட்டாராம். கழுகு வருவது நின்றுபோன அந்த ஊரில் காக்கை மொத்தமும் இவன் பின்னால். இப்போது நம் பிரிட்ஜில் பாலுக்கு இடமில்லை. மறைமலைநகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் மட்டியைக் கழுவ உட்கார்ந்துவிடுகிறான், வேகவைக்கிறான், மிக்ஸியில் அரைக்கிறான், அம்மா கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவையில் வடிகட்டுகிறான், கேட்டால் "ஆராய்ச்சின்னா சுத்தம் வோணும்க்கா" என்கிறான். காபியில்கூடக் கடல் வாசனை. பக்கத்து வீட்டு வசந்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் நம்மோடு பேசுகிறாள்.

நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பாட்டிலை வீட்டுக்குள் அம்மா விடமாட்டாள் என்பதால், சாற்றைக் குடித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடுகிறான். எப்போது திரும்புகிறானோ, நாங்கள் படுத்துவிடுகிறோம். சாற்றை நம்பிக் குடித்தே தம்பி போய்விடுவான் என்று அம்மா அழுகிறாள். எனக்கும் பயமாக இருக்கிறதம்மா. என்ன தொல்லை கொடுத்தாலும் நான் தூக்கி வளர்த்த பயல். நீ உடனே புறப்பட்டு வா. இது எலிக்குப் பார்த்தது, மனுஷனுக்கு இன்னும் பார்க்கவில்லை, குடிகாரனுக்கு இது கவசமும் இல்லை என்று உன் வாயால் சொல். நாங்கள் சொன்னால் படிக்காதவர்கள் என்கிறான்.

கர்த்தர் உன்னையும், அவருக்குச் சித்தமானால் உன் எலிகளையும் காப்பாராக.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் கலைவாணன் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தான். ஈரல் தேறிவருகிறதாம், டாக்டரே கையைப் பிடித்துக் குலுக்கினாராம். சாற்றின் மகிமை என்று குதிக்கிறான். தினம் எவ்வளவுடா குடிக்கிறாய் என்று கேட்டேன். "எங்க மாமா! சாறு உள்ள போவாம சரக்கத் தொடக் கூடாதுல்ல? கழுவி, வேக வெச்சு, அரைச்சு, வடிகட்டி எடுத்துகினு ஓடறதுக்குள்ள டெய்லி கடைய மூடிடறான். ஒரே பேஜாரு!" என்றான். அதனால் மகளே, நீ வர வேண்டாம். அவன் போன் செய்தால் உண்மையைச் சொல்லித் தொலைக்காதே. சாறு இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும் என்று மட்டும் சொல்.