ஈவரைத் தூக்கிப் போனவள் திருடி அல்ல

கடலுக்கும் காற்றுக்கும் நடுவே, எண்ணெய்க் கிணற்று மேடையில் ஊருக்கெல்லாம் சூப் காய்ச்சிக்கொண்டிருக்கும் அன்புத் தம்பி எஸ்கிலுக்கு, ஸ்டாவாங்கரிலிருந்து அக்கா குன்வோர் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழையும் சுகமாகப் பெய்கிறது. உன் மகன் ஈவர் மிக மிகச் சுகம். கை, கால், கன்னம் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதை ஏன் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறேன் என்றால், நாளை போலீஸிலிருந்து உனக்குப் போன் வரும். நானே போனில் சொல்லியிருப்பேன், ஆனால் பாதியிலேயே நீ கத்துவாய். கடிதத்தைப் பார்த்து எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. காலை ஹெலிகாப்டரில் வரும் உன் கூட்டாளியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் பிரித்துப் படித்தால் அவனுக்கும் என் வணக்கம்.

வியாழக்கிழமை உன் பெண்டாட்டி தூருன் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள், ஈவர் என் பொறுப்பு. மத்தியானத் தூக்கத்துக்கு அவனைக் கம்பளிப் பைக்குள் போட்டு, தள்ளுவண்டியைத் துறைமுகக் காபிக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். நம் அம்மா நம்மை நிறுத்தியது போலத்தான். குளிர்காற்றில் தூங்காத பிள்ளை இந்த ஊரில் உண்டா? ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்தேன். முகத்தை மட்டும் என் சிநேகிதி ஓசே பக்கம் திருப்பி வைத்திருந்தேன், ஏனென்றால் அவள் தன் மருமகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், அதைப் பக்கவாட்டில் கேட்க முடியாது. மருமகன் கதை முடிந்து நான் திரும்பினால் வாசலில் மழை மட்டும் நிற்கிறது, வண்டியைக் காணோம். அந்தத் துறைமுக விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது என்பது உனக்கே தெரியும். ஓடிப் போய்த் தண்ணீரைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன், தம்பி, எழுத வரவில்லை.

ஓசே போலீஸுக்குப் போன் போட்டாள். நான் தொப்பியில்லாமல் தெருவில் கண்டவரை எல்லாம் பிடித்து உலுக்கினேன். நாயோடு போன ஒரு பெரியவர் நிதானமாக நின்று, "நீல வண்டிதானே? ஒரு பொண்ணு மேட்டுப் பக்கமாத் தள்ளிட்டுப் போச்சு. நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி தெரியல" என்றார்.

"பார்த்துக்கிட்டு சும்மாவா நின்னீங்க?"

"முன்பின் தெரியாதவங்ககிட்ட எப்படிப் பேசறது?" என்றார்.

மேட்டின் உச்சியில் வெளிநாட்டு மாணவர் விடுதி. வாசலில் நம் வண்டி. பொதுச் சமையலறைக்குள் புகுந்தால், அடுப்பு எரிகிறது, அடுப்பருகே ஒரு பெண், அவள் மடியில் ஈவர், வேகவைத்த இறால் மாதிரி சிவந்து ரொட்டித் துண்டைச் சப்பிக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் நாலு நாட்டுப் பிள்ளைகள், போர்வையை எப்படிச் சுற்றுவது என்று நாலு விதமாகச் சண்டை. கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"நீங்க யாரு?"

"இவனோட அத்தை."

"இந்தக் குளிர்ல பிள்ளையத் தெருவுல போட்டுட்டு நீங்க எங்க போனீங்க?"

"காபி குடிக்க."

"அத்தையா இருந்துகிட்டு? அப்போ இன்னும் மோசம். போலீஸ் வரட்டும், அதுவரைக்கும் தர மாட்டேன்."

அவள் பெயர் நெர்மின். எகிப்தில் போர்ட் சையத் ஊர்க்காரி, கப்பல் கட்டும் படிப்புக்கு வந்து இறங்கி மூட்டையைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்று, யாருடைய பிள்ளை என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டிருக்கிறாள். நம் ஆட்கள் எட்டிப் பார்த்து, "தூங்குது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறார்கள். அடுத்து அவள் போலீஸைக் கூப்பிட்டிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். கூப்பிட்டது போர்ட் சையத்தில் இருக்கும் தன் அம்மாவை. அந்த அம்மாள், முதலில் பிள்ளையைச் சூடாக்கு, மற்றதெல்லாம் அப்புறம் என்று உத்தரவு போட்டிருக்கிறார்.

ஓசே கூப்பிட்ட போலீஸ்காரன், அதே நாய்க்காரப் பெரியவரிடம் வழி கேட்டு வந்து சேர்ந்ததும், நெர்மின் முகம் மலர்ந்து என்னைக் கைகாட்டினாள். அவனோ அவளுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டான். அப்போதுதான் ஈவரை என் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போதும் அவன் காதைப் போர்வையால் மூடிவிட்டுத்தான் கொடுத்தாள்.

"பெத்தவங்க வேணாம்னு சொன்னா இதோட விட்டுடலாம்" என்றான் போலீஸ்காரன். "புகார் கொடுத்தா, படிப்பு அனுமதி வரைக்கும் போகும்."

அவள் அவனை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்: "என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களா?" நான் ஈவரின் போர்வையை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். அவளைப் படிக்க அனுப்பத் தன் படகை விற்றாராம் அவள் அப்பா. தூருனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஈவரின் கம்பளிப் பையையே மடித்து மடித்துப் பிரித்தாள். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை, மடித்தால்தான் பயம். நீயாவது நாளை போன் வந்ததும், வேண்டாம் என்று ஒரே வார்த்தை சொல். திட்டுவதானால் என்னைத் திட்டு, எனக்குப் பழக்கம். ஊரே அந்தப் பிள்ளையைத் தாண்டிப் போனது, அவள் ஒருத்திதான் நின்றாள்.

கடல் அடங்கியிருக்கட்டும், உன் சூப் பொங்காமல் இருக்கட்டும், ஹெலிகாப்டர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்மேல் மாறாத அன்புள்ள அக்கா,
குன்வோர்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் தூருன் வந்தாள். புகார் கிடையாது என்று போலீஸிடம் சொல்லிவிட்டாளாம், விடுதிக்கும் போய் நெர்மினைப் பார்த்துவிட்டாளாம். இனி வியாழக்கிழமைகளில் ஈவர் நெர்மின் பொறுப்பாம். "அப்படியானால் நான்?" என்றேன். "அவ பிள்ளையிலேருந்து கண்ண எடுக்கல, அக்கா. நீங்க காபியிலேருந்து கண்ண எடுக்கல" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு, அந்தப் பெண்ணுக்கு உன் சிபாரிசு தேவையில்லை. உடனே தூருனுக்குப் போன் போட்டு எனக்காகப் பேசு. நெர்மினுக்கு நானே போன் போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஈவரை வந்து பார்க்கலாமாம், ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தானாம்.