மல்லாட்டைக் கொட்டகையில் மக்களாட்சி

"ராஜா செத்துட்டா அவரு புள்ள ராஜா. இதுக்குப் பேரு முடியாட்சி" என்றான் முருகையன்.

"அப்ப நம்ம ஊர்ல நடக்கறது முடியாட்சிங்களா சார்?" என்று கேட்டாள் சவுரியம்மாள். "பிரசிடெண்டு, அவருக்கு முன்னால அவங்க அப்பாரு, அதுக்கும் முன்னால தாத்தா."

முருகையன் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊரில், பிரசிடெண்ட் வெங்கடாசலம் நிலக்கடலை மூட்டை அடுக்கும் மல்லாட்டைக் கொட்டகையில்தான் அவனுடைய முதியோர் கல்வி வகுப்பு நடந்தது. களை வெட்டிவிட்டு மதியத்துக்கு மேல் பதினோரு பெண்கள் வருவார்கள். 1986 ஜனவரி. ஊராட்சித் தேர்தல் வருகிறது, ஆட்சிமுறைகளைப் பற்றிச் சொல்லிக்கொடு என்று திண்டிவனத்திலிருந்து மேலதிகாரி எழுதியிருந்தார். வாசலில் பிரசிடெண்டின் ஆள் பாண்டுரங்கன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"சேச்சே, நம்மளது மக்களாட்சி. அவரு தேர்தல்ல வந்தவரு."

"யாரு ஓட்டுப் போட்டா? போட்டியே இல்லேன்னுட்டாங்களே."

"எல்லாருக்கும் அவரப் புடிச்சிருந்தா போட்டி இருக்காதும்மா."

"பயந்துக்கினு இருந்தாலும் இருக்காதுங்களே."

"பயமுறுத்தி ஆண்டா அது சர்வாதிகாரம்."

சொன்ன பிறகுதான் வாசலைப் பார்த்தான். பாண்டுரங்கனைக் காணவில்லை.

எப்படியாவது சரிக்கட்ட வேண்டும். "ஒரு வெளையாட்டுத் தேர்தல் வெப்போம்" என்றான். "நான் பிரசிடெண்டு மாதிரி நிக்கறேன். எதிர்த்து ஒருத்தர் நில்லுங்க."

பிரசிடெண்டை ஜெயிக்கவைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தான். எழுந்து நின்றது குப்பம்மாள். வகுப்பில் வாயே திறக்காதவள். முருகையனுக்கு நிம்மதியாக இருந்தது.

பெண்கள் துண்டுத்தாளில் பெயர் எழுதி மடித்துக் கூடையில் போட்டார்கள். முதல் தாளைப் பிரித்தான். குப்பம்மாள். அடுத்ததும் குப்பம்மாள். ஆறு மாதத்துக்கு முன்னால் பேனா பிடிக்கத் தெரியாத கைகள். பதினோரு தாளிலும் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. வாத்தியாராகப் பூரிப்பதா, பிரசிடெண்டின் கொட்டகையில் ஒண்டியிருப்பவனாக நடுங்குவதா என்று தெரியாமல் கரும்பலகையில் எழுதினான்: குப்பம்மாள் 11, வெங்கடாசலம் 0.

பூஜ்யத்தை அவன் முடிக்கும்போது பிரசிடெண்ட் உள்ளே வந்தார்.

"இன்னா வாத்தியாரே இது?"

"பாடங்க. சும்மா வெளையாட்டு" என்றான். அழிக்கத் துணி தேடினான். கிடைக்கவில்லை. உள்ளங்கையால் தேய்த்தான். எழுத்து இன்னும் பெரிதாகப் பரவியது.

பிரசிடெண்ட் பலகையையே பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். "பாடம்தான, இருக்கட்டும். நெசத்துக்கு நிக்கறதுன்னா தைரியம் வேணும். போன தேர்தல்ல இவ வூட்டுக்காரன் பெரியசாமி மனு போட்டான். மறுநாளே அவனா வந்து வாபஸ் வாங்கிக்கினான்."

குப்பம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"வாபஸ் பேப்பருன்னு தெரியாம கைநாட்டு வெச்சிட்டாருங்க; அதான் இந்தத் தபா நான் ஆறு மாசம் படிச்சிட்டு, காலையில மயிலம் யூனியன் ஆபீசுக்குப் போயி கையெழுத்துப் போட்டு மனு குடுத்துட்டு வந்தேன், முன்மொழிஞ்சது சவுரியம்மா."