போன் பார்த்த வைத்தியம்

நான் சாகப்போகிறேன் என்று போன் சொல்லிவிட்டது. போன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நேற்று மழை வரும் என்று சொன்னது, வந்ததே!

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சொறிந்தேன். காலெல்லாம் மீன் செதில், கண்ணெல்லாம் சிவப்பு. காலையிலிருந்து அதையே போனில் தட்டிக்கொண்டிருந்தேன். முதல் பக்கம் எண்ணெய் தடவு என்றது. இரண்டாம் பக்கம் சிறுநீரகம் என்றது. மூன்றாம் பக்கத்தைப் படிக்கத் தைரியமில்லை.

"லித்தி, நான் போயிட்டா நம்ம பன்னிய அறுத்துடாத."

என் மனைவி லித்தியானா மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். "உன் சாவுக்கு வர்றவங்களுக்கு வேற எத அறுத்துப் போடுறது? போனக் குடு."

வாங்கிப் பார்த்தாள். "யோவ் அபிசாய், யங்கோனா நிறைய குடிச்சா இப்படித் தோல் உரியுமாம். விட்டா தானா சரியாயிடுமாம்."

எனக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் போனது. போதை தரும் யங்கோனா வேர்த் தண்ணீரைத் தொடமாட்டேன் என்று பாதிரியார் முன்னால் சத்தியம் செய்தவன் நான். மாலையானால் கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறேன் என்று கிளம்பி, நண்பன் வைலாலாவின் கொட்டகையில், குடிக்கும் முறைப்படி கைதட்டி, அதையே சிரட்டை சிரட்டையாக இறக்குபவனும் நானே.

"நீதான் விட்டுட்டியே. அப்ப அது இல்ல."

"இல்ல... இல்லதான்."

"அப்ப மூணாவது பக்கம்தான். ஐயோ, இடுப்புல தினம் ஊசியாம்யா! இவ்ளோ நீளம்." கையிலிருந்த கிழங்கைக் காட்டினாள்.

"கிழங்கு நீளமா?"

"பன்னிக்கறி கூடாது. தேங்காப்பால் கூடாது. நாக்குல ருசியே வரக்கூடாதாம்."

செத்தாலும் பரவாயில்லை, இப்படிப் பிழைக்கக் கூடாது.

"லித்தி, கொஞ்சமா குடிச்சேன்னு வையி..."

"எங்க?"

"வைலாலா கொட்டகைல."

"எப்ப?"

"பாட்டுப் பயிற்சி நேரத்துல."

"என்னிக்கு?"

"பயிற்சி இருக்கிற எல்லா நாளும்."

அவள் கத்தவில்லை. கத்தியை என் கையில் கொடுத்தாள். "இனிமே சாயங்காலம் உனக்கு இங்கதான் பயிற்சி. சீவு."

சீவினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "அந்த மூணாவது பக்கத்த ஒரு தடவ காட்டேன், லித்தி."

"அத எங்கய்யா காட்டுறது? நீ குடுக்கும்போதே சார்ஜ் தீந்து செத்துப்போச்சு. நான் படிச்சது உன் கால."