வேணி வீட்டுத் தோணி

"படகு கட்டப் போறேன்" என்றார் சீனுவாசன்.

"சரி, கட்டுங்க" என்றாள் கிருஷ்ணவேணி.

சீனுவாசன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. ஸ்கூட்டர் வாங்கலாம் என்றபோது அழுதாள். மொட்டை மாடியில் புறா வளர்க்கலாம் என்றபோது சிரித்தாள். அழுகையைவிடச் சிரிப்புதான் அதிகம் வலித்தது.

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை எடை போடுகிற வேலை அவருக்கு. மூட்டையின் வாயில் பருப்பு திரட்சியாகத் தெரிந்தால் அடியில் கல் கிடக்கும் என்பது அந்த வேலை கற்றுக்கொடுத்த பாடம். கைவிட்டுத் துழாவாமல் எதையும் நம்ப மாட்டார். பெண்டாட்டியின் 'சரி'யிலும் கையை விட்டார்.

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"எதுக்குங்க?"

"மீன் புடிக்க. ஏரி ரொம்பி வழியுது. ஞாயித்துக்கெழமைல போயி தூண்டி போட்டுக்கினு வரலாம்னு."

"நல்லது தான. போய்ட்டு வாங்க."

"ஒனக்கு பயமா இல்ல?"

"கெட்டியா கட்டினா இன்னா பயம்?"

கையில் கல் எதுவும் தட்டுப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அது 2005ஆம் வருஷம். அடைமழையில் ஊர் ஏரி கடல் மாதிரி நின்றது. மீன் என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வந்தால் ஒட்டடை அடிக்க வேண்டும், மெத்தையை வெயிலில் போட வேண்டும், மாவு மில்லுக்குப் போக வேண்டும். ஒரு வேலை முடிவதற்குள் அடுத்த "ஏங்க" வந்துவிடும். நடு ஏரியில் எந்த "ஏங்க"வும் காதில் விழாது. ஒரே ஓர் ஆள் உட்காருகிற படகு. திட்டத்தின் உயிரே அந்த 'ஒரே ஓர் ஆள்' என்பதில்தான் இருந்தது.

மழையில் சாய்ந்த வேப்பமரத்தை மரம் அறுக்கும் மில்லில் பலகையாக்கிக் கொல்லையில் அடுக்கினார். சீனுவாசன் காணை ஊர்ப் பக்கத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை. தண்ணீரில் அவர் விட்டதெல்லாம் காகிதக் கப்பல்தான். வேணியோ பொம்மையார்பாளையத்துக் கடற்கரைப் பெண். பலகையில் அவர் கோடு கிழிக்கும்போது டீ தம்ளரோடு வந்து நிற்பாள்.

"இவ்ளோ ஒல்லியா கட்டினா கவுந்துக்கும். அடி தட்டையா, அகலமா இருக்கணும். எழுந்து நின்னாலும் ஆடக் கூடாது."

"நான் எதுக்கு எழுந்து நிக்கப் போறேன்?"

"பெரிய மீனா மாட்டிக்கினா?"

பெரிய மீன் என்றதும் சீனுவாசன் படகை அகலமாக்கினார்.

அடுத்த டீக்கு அடுத்த யோசனை வந்தது. "ரெண்டு முனையிலயும் பொட்டி மாதிரி அடிச்சி, காத்து போவாம மூடிடுங்க. தண்ணி ஏறினாலும் முழுவாது."

நியாயமான பேச்சு. பெட்டி அடித்தார். மூடியதும் இரண்டு முனையிலும் சம்மணம் போட்டு உட்காரும்படி அகலப் பலகை வந்துவிட்டது.

"பின்னால பொட்டிக்கு ஒரு சாய்மானம் வைங்க."

"தூண்டி போடறதுக்கு இன்னாத்துக்கு சாய்மானம்?"

"ஒங்க முதுவு வலிக்கு தான்."

"என் முதுவு நடுப் பலகையில தான இருக்கும்."

"களைச்சா மாறி உக்காருங்க. படகு ஒங்களுது தான."

இதுவும் நியாயமாகவே இருந்தது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணசாமி மதில் மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னா சீனு, ஒத்த ஆளு படகுன்ன. கல்யாண கோஷ்டியே ஏறும் போல கீது."

"சேஃப்டிக்கு."

"யாரு சேஃப்டிக்கு?"

சீனுவாசன் அடுத்த ஆணியை எடுத்தார். அந்தக் கேள்விக்கு அன்று சாயங்காலமே பதில் கிடைத்த மாதிரி இருந்தது. கமிட்டியிலிருந்து வரும்போது உள்ளே வேணி போனில் பேசிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார்.

"அகலமா தான் போட்டுக்கினு இருக்காரு... ம்... நல்லா தாங்கும், பயப்படாத... ஞாயித்துக்கெழம தான், வேற எப்ப."

இவர் தலை தெரிந்ததும் போனை வைத்துவிட்டு, "ராங் நம்பருங்க" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று தோணியது. தோணியதே தோணியைப் பற்றித்தான். வேணியின் அண்ணன் வெற்றிவேலுக்குச் சொந்தப் படகு கிடையாது. அடுத்தவர் படகில்தான் கடலுக்குப் போகிறார். சுத்தியலில் அடிபடுவது தன் கட்டைவிரல், ஏறப்போவது அவள் அண்ணன். விஷயம் விளங்கிவிட்டது.

இரண்டு துடுப்புகளையும் பீரோவில் நிறுத்திப் பூட்டினார். துணிமணி வெளியே வந்தது. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

"பொடவ வைக்க எடமில்லைங்க."

"படகுல வை. அதான் அகலமா இருக்குதே."

அவள் புடவைகளைக் கொடியில் போட்டாள். சண்டைக்கு வராதது சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கியது.

அந்த வாரமே வெற்றிவேல் வந்து இறங்கினார். கையில் ஒரு டப்பா தார், ஒரு பை பஞ்சு. படகைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார். சீனுவாசன் சாவியைத் தொட்டுக்கொண்டே பின்னால் போனார்.

"எப்ப எடுத்துக்கினு போறீங்க மச்சான்?"

"எத?"

"படகத்தான்."

வெற்றிவேல் நிமிர்ந்து அவரை ஒரு மாதிரி பார்த்தார். "இத கடல்ல எறக்கினா ரெண்டாவது அலையில அடுப்புக்கு ஆயிடும் மாப்ள. இது ஏரிக்குப் போற தோணி. ஏரிக்கு அருமையான தோணி."

சொன்னதோடு உட்கார்ந்து, பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துத் தார் பூசிக் கொடுத்தார். அடியில் செங்கல் வைத்துப் படகைத் தூக்கி, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு மூலையில் மட்டும் கசிந்தது. அதையும் அடைத்துவிட்டு, மீன் குழம்பு சாப்பிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறிப் போய்விட்டார்.

சீனுவாசனுக்கு வெட்கமாகப் போயிற்று. துடுப்பை எடுத்துவிட்டுப் புடவைகளை அவரே மடித்து பீரோவில் வைத்தார். ஆனால் ஒரு சந்தேகம் காலி செய்த இடத்தில் இன்னொன்று வந்து குடியேறியது.

"வேணி, நீயும் ஏறப் போறியா?"

"எங்க?"

"படகுல. எங்கூட. ஞாயித்துக்கெழம."

"எனக்கு இன்னா வேண்டுதலா. ஊட்ல நீங்க இல்லாத ஒரு நாளு. தலைக்கு எண்ண வச்சிக்கினு நிம்மதியா படுத்துக் கெடப்பேன்."

அப்படிச் சொல்லு. கல் அகப்பட்டுவிட்டது. இவள் 'சரி' சொன்னது அவரை வீட்டைவிட்டுத் துரத்தத்தான். சாய்மானம்கூட, சீக்கிரம் திரும்பி வந்துவிடக் கூடாது என்றுதான். கேவலமாக இருந்தாலும் சுகமான காரணம். அவருக்கு வேண்டியதும் அதேதானே. அன்றிலிருந்து சீனுவாசன் நன்றாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிராக்டர் டிப்பரில் ஏற்றிப் படகை ஏரிக்குக் கொண்டுபோனார்கள். வேணி மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கினாள். ஏரி மீன் குத்தகைக்காரர் கண்ணையன் ஒரு கை கொடுத்து இறக்கிவிட்டார். தோணி ஆடாமல் அசையாமல் மிதந்தது. சீனுவாசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மொத ஓட்டம்" என்றாள் வேணி. "நேரா அக்கரைக்குப் போயி அய்யனாரு கோயில் கரைய தொட்டுட்டு வந்துடுங்க. அப்பறம் நீங்க எங்க தூண்டி போட்டாலும் நான் கேக்கல."

சாமி காரியம். அதில் கைவிட்டுத் துழாவ அவருக்கே மனசு வரவில்லை. நடுப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு துடுப்பையும் மாட்டி இழுத்தார். துடுப்புப் போடுகிறவன் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கரையில் வேணி சிறுத்துக்கொண்டே போனாள். எந்த "ஏங்க"வும் வரவில்லை. ஒரு விரால் துள்ளி விழுந்தது. இவ்வளவு சந்தோஷத்தை அவர் தண்ணீருக்கு வெளியே கண்டதில்லை.

படகு அக்கரையில் தட்டி நின்றது. திரும்பிப் பார்த்தார்.

கருப்புக் குடை. குடைக்கு அடியில் மாமியார் ருக்கு. பக்கத்தில் ஒரு பெரிய பை, ஒரு பலாப்பழம், காலைக் கட்டின கோழி.

ருக்குவின் இளைய மகள் சூர்யகலாவைக் கொடுத்தது அக்கரை ஊரில்தான். அவள் பிரசவம் பார்க்கப் போன மாமியார் அங்கேயே தங்கிவிட்டார். ரோடு வழியாக வந்தால் ஏரியைச் சுற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் ஏறினால் அந்த அம்மாளுக்கு வாந்தி வந்துவிடும். அதனால் வருகை பொங்கலுக்கு மட்டும். அந்தப் பஸ்களைச் சீனுவாசன் மனசுக்குள் கும்பிடாத நாளில்லை.

"வாங்க மாப்ள. வேணி சொன்ன நேரத்துக்கே வந்துட்டீங்க" என்றபடி ருக்கு படகில் கால் வைத்தார். படகு ஆடவில்லை. எழுந்து நின்றாலும் ஆடாதபடிதான் கட்டியிருந்தாரே. மாமியார் பின்பெட்டியில் உட்கார்ந்து சாய்மானத்தில் சாய்ந்தார். பை, பலாப்பழம், கோழி மூன்றும் முன்பெட்டியில் ஏறின. போனில் பேசிய ராங் நம்பர் எதுவென்று தெரிந்துவிட்டது.

சீனுவாசன் துடுப்பை இழுத்தார். எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், கரை வந்து சேரும்வரைக்கும் மாமியாரின் முகம்தான்.

"எத்தினி நாள் தங்கற மாதிரி வந்துக்கீறீங்க அத்த?"

"தங்கறதா? சாயங்காலம் கொண்டாந்து உட்டுட மாட்டீங்களா?"

சீனுவாசனுக்கு மூச்சு வந்தது. "தாராளமா அத்த. ஒரு நாளு தான."

"ஒரு நாளு தான் மாப்ள. வாரா வாரம் வரப்போறவளுக்கு ஒரு நாளு போதாதா?" என்ற ருக்கு, குடையை மடக்கிவிட்டு வசதியாகச் சரிந்து உட்கார்ந்தார். "அந்தத் தூண்டிய கொஞ்சம் அந்தாண்ட நவுத்துங்க. காலு நீட்டணும்."