தடுத்தது ஆர்?

விசிலை வாயில் வைத்தபடி றாஹிலா டீச்சர் கல்முனைக் கடற்கரை வீதியை இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் ஆதிலா மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மத்தாக்கள் எங்க?"

"தெரியா டீச்சர்."

"தெரியாவா? நேத்தும் நீ மட்டுந்தான் வந்தாய். முந்தநாளும் நீ மட்டுந்தான். இது சைக்கிள் கழகமா, இல்ல உனக்கு மட்டும் நான் வெச்ச ரியூசன் கிளாஸா?"

ஆதிலா ஹெல்மெட் வாரை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"என்னத்த நிண்டு பாக்கிறாய்? பெரியநீலாவணை வரைக்கும் போயிட்டு வா. போன கிழமை மாதிரி ஆடி அசைஞ்சு வந்தாயெண்டா சைக்கிளப் பறிச்சிட்டுத் தள்ளுவண்டி தருவன்!"

ஆதிலா பறந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் இந்த மகளிர் சைக்கிள் கழகத்தைத் தொடங்கியவள் றாஹிலாதான். பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. நீளச் சட்டை, முக்காடு, அதன்மேல் ஹெல்மெட் என்று பெண்கள் முதன்முதலாக வீதிக்கு வந்த நாளில், ஊர் கடையைப் பூட்டிவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது. அவள் வாசல் வாசலாகப் போய்ச் சண்டை பிடித்தாள், வென்றாள். ஒரு கட்டத்தில் வீதியை அடைத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஆதிலாதான் மிச்சம்.

போன் அடித்தது. கடற்கரை விளையாட்டு விழாக் குழுச் செயலாளர் ஜீவராஜ்.

"டீச்சர், பெண்கள் சைக்கிள் ஓட்டத்துக்கு ஆறு பேராவது வேணும். உங்கட பக்கம் எத்தின பேர்?"

"வருவாங்க."

"வராட்டியும் யோசியாதீங்க. பொம்புளைகளுக்கு சங்கீதக் கதிரை வெச்சிருவம், பாட்டு நிண்டதும் கதிரையில இருக்கிற விளையாட்டு. அதெண்டா ஆக்களும் விழாம, அடிபடாம..."

"ஜீவராஜ், அந்தக் கதிரைகளக் கட்டாயம் கொண்டு வாங்க. ஒவ்வொண்டா உங்கட தலையில போட்டு உடைக்கிறன்!"

போனை வெட்டிய கையோடு, வராதவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த சாக்குப்போக்குகளை மறுபடி வாசித்தாள். அப்றா: 'வீட்டுக்காரருக்கு விருப்பமில்ல டீச்சர்.' சுஜித்தா: 'மாமி ஏசுறா டீச்சர்.' மற்றவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: 'பள்ளிவாசல்ல கதைக்காங்களாம்.'

அதே பழைய கதை! புருசன், மாமி, பள்ளிவாசல். றாஹிலாவுக்கு உச்சந்தலை கொதித்தது. ஸ்கூட்டரை உதைத்தாள்.

அப்றாவின் கணவன் ஸஜாத் பஸாரில் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு போனின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தவன், மேசையில் விழுந்த அடியில் துள்ளினான். ஒரு சின்ன ஆணி எங்கோ பறந்தது.

"பொஞ்சாதி சைக்கிள் ஓடினா உங்கட மானம் போயிருமா?"

"ஆரு டீச்சர்? நானா?"

"பின்ன ஆரு? கழகத்துலயே வேகமான புள்ள! அதக் குசினிக்குள்ள பூட்டி வெச்சிட்டு இஞ்ச வந்து ஆணி பூட்டுறீங்க!"

"டீச்சர், நான் எப்ப வேணாண்டு..."

"கதைக்காதீங்க! உங்களப் போல ஆம்புளைகளாலதான் இந்த ஊரு இன்னும் சங்கீதக் கதிரையச் சுத்துது!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் வீடியோ எடுக்கத் தொடங்கினார். ஸஜாத்தின் முகம் சிவந்து, கறுத்து, கடைசியில் வெடித்தது.

"அப்பிடியா? சரி, இப்ப சொல்றன் கேட்டுக்குங்க. இண்டையில இரிந்து அப்றா சைக்கிள்ல ஏற மாட்டா!"

"பாத்தீங்களா?" றாஹிலா கடையில் நின்ற எல்லாரையும் திரும்பிப் பார்த்தாள். "உண்மை வெளியில வந்திட்டு!"

அடுத்தது காரைதீவு. சுஜித்தாவின் மாமி பூமணி முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருந்ததை றாஹிலா கவனித்தாள். கவனித்தும் குரலைக் குறைக்கவில்லை.

"மருமகளெண்டா என்ன, உங்கட வீட்டு அம்மிக்கல்லா? வெச்ச இடத்துல இரிக்கிறத்துக்கு?"

"என்ன கதை புள்ள இது? நான் ஏசினனா? அவள் ஓடுறதுக்கெண்டு விடிய எழும்பி முட்டை அவிச்சுக் குடுக்கிறது ஆரெண்டு கேளுங்க!"

"முட்டையக் குடுத்து வாய மூடப் பாக்கிறீங்க! எனக்குத் தெரியாத மாமிமாரா?"

பூமணிக்கு அழுகை வந்தது. பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் தலைகள் எழும்பின. மீன் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்து போய், சுவரில் சாய்த்திருந்த மருமகளின் சைக்கிளை அறைக்குள் தள்ளிப் பூட்டினாள்.

"இனி முட்டையும் இல்ல, சைக்கிளும் இல்ல! மாமி கொடுமையெண்டா என்னெண்டு இப்ப பாருங்க!"

றாஹிலா திருப்தியோடு ஸ்கூட்டரைத் திருப்பினாள். ஆட்களின் முகமூடி ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது.

பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார் லுஹர் தொழுதுவிட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். உரத்துப் பேசியே பழக்கமில்லாத மனிதர்.

"ஹாஜியார், பொம்புளைகள் சைக்கிள் ஓடுறதுல உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"எனக்கா மகள்? ஒரு பிரச்சினையும் இல்லயே."

"அப்ப பள்ளிவாசல்ல ஏன் கதைச்சீங்க?"

"கதைக்கல்லயே."

"கதைச்சிருக்கீங்க! ஊரே சொல்லுது!"

ஹாஜியார் ஒரு செருப்போடு நின்று யோசித்தார். "மெய்யாவே கதைக்கல்ல மகள். ஆனா இவ்வளவு பெரிய பிரச்சினை ஊருக்குள்ள இரிக்கெண்டா இனிக் கதைக்கத்தானே வேணும்? நாளைக்கு அஸருக்குப் பொறகு கூட்டம் வைப்பம். காரைதீவு ஆக்களையும் கூப்பிடுவம். அது வரைக்கும் ஆரும் ஓடாம இரிக்கட்டும்."

இல்லாத தடை இப்படியாக ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. றாஹிலா அன்று முழுவதும் வீட்டில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினாள். பயிற்சி ஓட்டம்கூட இனி இல்லை. ஜீவராஜ் வேறு, கதிரைகள் சொல்லியாகிவிட்டது என்று செய்தி அனுப்பியிருந்தார்.

கூட்டத்துக்குப் பாடசாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஸஜாத் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தான். பூமணி சைக்கிளைப் பூட்டிய அறையின் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். கழகத்துப் பெண்கள் பின்வரிசையில் தலையைக் குனிந்தபடி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

ஹாஜியார் எழும்பினார். "இந்தப் புள்ளைகள் சைக்கிள் ஓடுறத்தத் தடுத்த ஆரு? கைய உசத்துங்க."

ஒரு கையும் உயரவில்லை.

"பயந்தாங்கொள்ளிகள்!" றாஹிலா மேடையில் ஏறிவிட்டாள். "தனியக் கண்டா ஒரு கதை, சபைக்கு வந்தா ஒரு கதை! ஆரும் தடுக்கல்லயெண்டா இவங்க ஏன் ஓடுறத்த விட்ட? இந்தக் கழகத்துக்காக நான் எத்தின பேரோட மல்லுக்கட்டின? ஒரு ஓட்டம், வருசத்துல ஒரேயொரு ஓட்டம், அதையும் பறிச்சிட்டுக் கதிரையச் சுத்தச் சொல்றீங்க!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. கோபத்தில்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஸஜாத் மெல்ல எழும்பினான். "ஓடுறத்த விட்டதா? நேத்து நான் கோவத்துல சொல்ற வரைக்கும் அப்றா ஒரு நாள்கூட விடல்லயே டீச்சர். சுபஹ் தொழுத கையோட ஒலுவில் துறைமுகத்து வீதிக்குப் போறாவே. உங்களோடதான் ஓடுறாவெண்டு நான் நினைச்சிட்டு இரிக்கன்."

"என்ட மருமகளும் அங்கதானே போறவள்!" என்றாள் பூமணி. "நிந்தவூர், அட்டாளைச்சேனைப் புள்ளைகளும் சேர்ந்து இப்ப ஒரு பட்டாளமே ஓடுதாம். மீன்காரன் ஒதுங்கி நிக்கானாம், வழி விட்டு!"

ஜீவராஜ் பின்னால் இருந்து துள்ளி எழும்பினார். "அப்ப கதிரை வேணாம்! ஓட்டம் நடக்குது!"

மண்டபம் கைதட்டியது. ஹாஜியார் தடையை நீக்கினார். பூமணி திறப்பை அவிழ்த்து மருமகளிடம் நீட்டினாள். எல்லாரும் சந்தோசமாகக் கலையத் தொடங்கிய நேரத்தில், றாஹிலா விசிலை எடுத்து மண்டபம் அதிர ஊதினாள்.

"ஆரும் போகப்படா!"

நின்றார்கள்.

"வாசல்ல கடற்கரை வீதி இரிக்க, இருட்டோட எழும்பி ஒலுவில் வரைக்கும் போற என்னத்துக்கு? அதையும் எனக்கிட்ட ஒளிச்சு! இஞ்ச வீதியில்லயா? காத்தில்லயா? சொல்லுங்க, இஞ்ச இல்லாத என்ன அங்க இரிக்கி?"

அப்றா சுஜித்தாவைப் பார்த்தாள். சுஜித்தா கூரையைப் பார்த்தாள். இதுவரைக்கும் வாயே திறக்காமல் மூலையில் இருந்த ஆதிலா, வகுப்பில் போலக் கையை உயர்த்திக்கொண்டு எழும்பினாள்.

"எல்லாம் இஞ்ச மாதிரித்தானாம் டீச்சர், அங்க நீங்க மட்டுந்தான் இல்லயாம்."